டைனோசர் தடத்தில் ஒரு பிறந்தநாள்

நம்ம பிள்ளைகளின் பர்த்டே பார்ட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு டிராம்போலின் பார்க். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பேக்கேஜ். நாம் பத்துப் பேரைக் கூப்பிட்டால் பத்தோடு நிற்குமா? தம்பி தங்கை வரும், அப்பா அம்மா வருவார்கள், விசிட்டர் விசாவில் வந்திருக்கும் தாத்தா பாட்டியைத் தனியாக வீட்டில் விட முடியாது, அவர்களும் வருவார்கள். பெரியவர்களுக்கு பீட்சா கொடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு ட்ரே பிரியாணி, ஒரு ட்ரே வெஜ் புலாவ். முட்டை போட்ட கேக் ஒன்று, போடாத கேக் ஒன்று. கடைசியில் வாசலில் ரிட்டர்ன் கிஃப்ட். எங்கள் பெரியவளுக்கு ஐந்து வயசானபோது எல்லாம் சேர்த்து 1,800 டாலர் ஆனது. இப்போது அவளுக்கு ஒன்பது. அன்றைக்கு நடந்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், "சாக்ஸுக்கு அடியில பச்சை ரப்பர் புள்ளி இருக்கும்ல, அது" என்கிறாள்.

பார்ட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கையில் காசு இருந்த வருஷம் நாங்களும் சந்தோஷமாகத்தான் செய்தோம். போன வருஷம் நிலைமை வேறு. ஜூலையில் என் கணவர் வேலை பார்த்த ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது வரவில்லை. இன்ஷூரன்ஸ் என் வேலை வழியாக இருந்ததால் மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான். சின்னவனுக்கு அக்டோபரில் ஏழு வயசு. ஆகஸ்ட் மாசமே நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு எண் எழுதிக்கொண்டோம்: 300 டாலர். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்குத் திருநெல்வேலி. ஹூஸ்டனில் நாற்பது வருஷம் இருந்தாச்சு, அப்பா போன பிறகு பிளேனோவில் எங்களோடு இருக்கிறார். "ஏட்டி, ரெண்டு வருஷமா எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் போய் கிஃப்ட் குடுத்துட்டு வந்திருக்கோம், கை நீட்டி அவங்க பையையும் வாங்கிட்டு வந்திருக்கோம். இப்ப நம்ம முறை வரும்போது கூப்பிடலைன்னா என்ன நினைப்பாங்க?"

இது மொய் கணக்கு. ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் பந்தல் வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பேரோடு எழுதுவார். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். இங்கே நோட்டு கிடையாது. ஆனால் நம் எல்லோர் மனசிலும் அந்த நோட்டு இருக்கிறது. போன வருஷம் லெகோ பெட்டி கொடுத்தவர்கள் வீட்டுக்கு நாம் என்ன கொண்டுபோனோம் என்பது எனக்குத் தேதியோடு சொல்லத் தெரியும். அதனால் அம்மா சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. "அடுத்த வருஷம் கூப்பிடுவோம்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. கணவருக்கு வேலை இல்லாததைப் பற்றி அம்மா ஜூலையிலிருந்தே ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மௌனம் வீட்டில் ஒரு நாற்காலி மாதிரி கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

சின்னவனிடம் "பர்த்டேக்கு என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கடையில் இருக்கிற பொருள்தான் பதிலாக வரும். "உன் பர்த்டே அன்னைக்கு ஒரே ஒரு விஷயம் செய்யலாம்னா என்ன செய்வே?" என்று கேட்டோம். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஆற்றுக்குள் பாறை, பாறையில் மூன்று விரல் தடம். "இதுக்குள்ள என் காலை வைக்கணும்." படத்துக்குக் கீழே கிளென் ரோஸ், டெக்சாஸ் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 100 மைல்.

அங்கே இருப்பது டைனோசர் வேலி ஸ்டேட் பார்க். டல்லாஸ் பக்கம் இருப்பவர்கள் ஸ்கூல் ட்ரிப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஹூஸ்டனில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாது. எங்கள் சின்ன வயசில் ட்ரிப் என்றாலே பியர்லேண்ட் மீனாட்சி கோயில். அதை விட்டால் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு மோட்டல் அறையில் தரையில் பெட்ஷீட் விரித்துப் படுத்து எழுந்து, ஐஸ் பெட்டியில் தயிர்சாதத்தோடு எங்கேயாவது போவது. இன்றைக்கு அதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் திட்டம் போட உட்கார்ந்தபோது எனக்கு உதவியது அந்த அனுபவம்தான். குறைந்த செலவில் ஊர் சுற்றுவதற்கு நம் அப்பா அம்மாவைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வீக்எண்ட் ட்ரிப்பில் காசு போகும் வழி மூன்று: படுக்கை, சாப்பாடு, டிக்கெட். டிக்கெட் கதை டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் சுலபம். பன்னிரண்டு வயசு வரை பிள்ளைகளுக்கு இலவசம். பெரியவர்களுக்கு இந்தப் பார்க்கில் நாங்கள் போனபோது ஒரு நாளைக்கு 8 டாலர். 65 வயசு தாண்டிய டெக்சாஸ்வாசிகள் பார்க்லேண்ட்ஸ் பாஸ்போர்ட் என்று ஒன்று வாங்கிக்கொண்டால் பாதிக் கட்டணம். இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டுகிற தாத்தா பாட்டிகள் நிறைய. வருஷத்தில் நாலைந்து முறை போகிற குடும்பம் என்றால் வருஷ பாஸ் வாங்குவது லாபம். ஒரு பாஸ் இருந்தால் காரில் கூட வருகிறவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

படுக்கைதான் யோசிக்க வைத்தது. கிளென் ரோஸில் மோட்டல் இருக்கிறது. இரண்டு இரவு, ஐந்து பேர் என்றால் எங்கள் 300 அதிலேயே காலி. பார்க்குக்குள் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் உள்ள கேம்ப் சைட் ஓர் இரவுக்கு 25 டாலர். ஒரு சைட்டில் எட்டுப் பேர் வரை தங்கலாம். ஆனால் 68 வயசில் மூட்டுவலியோடு இருக்கிற அம்மாவை டென்ட்டில் படுக்க வைப்பதா? "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆச்சி இல்லாமல் அவனுக்குப் பிறந்தநாளா? கடைசியில் வழி சொன்னவர் என் கணவர். "அத்தை, மினிவேன் சீட் எல்லாம் எடுத்துட்டு மெத்தை போட்டுடறேன். உங்களுக்குத் தனி ரூம்." அம்மா சிரித்துவிட்டார். ஏர் மெத்தை 38 டாலர். டென்ட்டை ஆபீஸ் தோழியிடம் இரவல் வாங்கினோம்.

டென்ட் அடித்துப் பழக்கமே இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். டெக்சாஸ் அவுட்டோர் ஃபேமிலி என்று ஸ்டேட் பார்க் துறையே பயிற்சி முகாம் நடத்துகிறது. டென்ட், அடுப்பு எல்லாம் அவர்களே கொடுத்து, எப்படி அடிப்பது, எப்படிச் சமைப்பது என்று குடும்பத்தோடு சொல்லிக் கொடுப்பார்கள். இருநூறு டாலருக்குச் சாமான் வாங்கி கராஜில் போட்டு வைப்பதற்கு முன் அதில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

எட்டுப் பேரில் நாங்கள் ஐந்து. மிச்சம் மூன்று இடம். சின்னவனை "ஒரே ஒரு ஃப்ரெண்ட்" என்று சொல்லச் சொன்னோம். அவன் யோசிக்கவே இல்லை. அவன் சொன்ன பையன் தமிழ்ப் பையன் அல்ல. பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவன், லரேடோவிலிருந்து வந்த குடும்பம். இத்தனை வருஷ பார்ட்டிகளில் அந்தப் பையன் பேர் எங்கள் லிஸ்டில் வந்ததில்லை. லிஸ்ட் எப்போதும் நம் நண்பர்களின் பிள்ளைகள்தானே.

கோயில் கேள்வி தானாகவே தீர்ந்தது. அம்மாவுக்கு நட்சத்திரப் பிறந்தநாள்தான் கணக்கு. அது அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாயங்காலம் ஃப்ரிஸ்கோ ஆஞ்சநேயர் கோயிலில் அர்ச்சனை. ஆக ஆச்சியின் கணக்குக்குச் செவ்வாய், அவன் கணக்குக்குச் சனி.

ஆனால் புதன்கிழமை மழை கொட்டியது. இந்தப் பார்க்கில் ஒரு சிக்கல் உண்டு, போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தடங்கள் இருப்பது பலக்ஸி என்கிற ஆற்றின் படுகையில். தண்ணீர் குறைந்தால் தெரியும், ஏறினால் மூடிக்கொள்ளும். கோடையின் கடைசியில்தான் பொதுவாக நன்றாகத் தெரியும். 2022 ஆகஸ்டில் பெரிய வறட்சி வந்தபோது வழக்கமாக மண்ணுக்கும் தண்ணீருக்கும் அடியில் கிடக்கும் தடங்கள்கூட வெளியே வந்து உலகம் பூராவும் செய்தி ஆனது. அக்டோபர் இரண்டுங்கெட்டான். கிளம்புவதற்கு முன் பார்க்கின் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது போன் பண்ணிக் கேளுங்கள். நான் வியாழக்கிழமை கேட்டேன். மெயின் இடம் கலங்கிய தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் வேறோர் இடம் தெளியலாம் என்றார்கள்.

"லாம்" என்பதை வைத்துக்கொண்டு ஏழு வயசுப் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவது? கணவர் முகம் வாடிவிட்டது. பார்ட்டியும் இல்லை, தடமும் இல்லை என்றால் அவனிடம் என்ன சொல்வது என்பது அவர் கவலை. அம்மாதான் அப்போது வாயைத் திறந்தார். "தாமிரபரணியில வெள்ளம் வந்தா குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிரும். மழை விட்டா வடிஞ்சிரும். ஆறுன்னா அப்படித்தான். கிளம்புங்க." சின்னவனிடம் உள்ளதைச் சொன்னோம்: தண்ணீர் இருந்தால் தடம் தெரியாது. "அப்ப குளிக்கலாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கிளம்பினோம். ஃபோர்ட் வொர்த் டிராஃபிக்கைத் தாண்டி, சிஷோம் டிரெயில் டோல் ரோட்டில் கிளீபர்ன் வரை போய், அங்கிருந்து 67-ஆம் நெடுஞ்சாலை. கிளீபர்னுக்கு அப்புறம் நிலம் மெல்ல மேடும் பள்ளமுமாக மாறுகிறது. சுண்ணாம்புப் பாறையும் குட்டையான ஜூனிப்பர் மரங்களும். இருட்டின பிறகு போய்ச் சேர்ந்தோம். கார் ஹெட்லைட் வெளிச்சத்தில் டென்ட் அடித்ததை விவரிக்கப் போவதில்லை. நண்பர் குடும்பம் எங்களுக்கு முன்னாடியே வந்து அவர்கள் டென்ட்டை அடித்துவிட்டு எங்களுடையதையும் பிடித்துக் கொடுத்தது. சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், ரக்கூன் வரும். அம்மா இரவு முழுக்க கூலரோடு மினிவேனில் காவல் காத்தார்.

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் வறண்ட காலத்தில் கவுன்டிகள் அடிக்கடி பர்ன் பேன் போடும். அப்போது விறகு மூட்ட முடியாது. மின்சாரம் உள்ள சைட்டாகப் பார்த்து எடுத்தால் நமக்கு அந்தக் கவலை இல்லை. ரைஸ் குக்கரைச் சொருகினால் போதும். சாதம், பொங்கல், கேசரி எல்லாம் அதிலேயே. வீட்டிலிருந்து புளியோதரை, இட்லிப்பொடி தடவிய இட்லி, தக்காளித் தொக்கு, சப்பாத்தி. புரட்டாசி சனிக்கிழமை என்பதால் அம்மாவுக்கும் எங்களுக்கும் அசைவம் கிடையாது. இதை நண்பனின் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர்கள் வீட்டிலும் லென்ட் காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை என்பதால் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். பீன்ஸ் வைத்த தமாலே கொண்டு வந்தார். தமாலேக்கு இட்லி மிளகாய்ப்பொடி அபாரமாகப் பொருந்துகிறது. நம்பாவிட்டால் செய்து பாருங்கள்.

காலையில் ரைஸ் குக்கர் கேசரியின் நடுவில் ஏழு மெழுகுவர்த்தி. அதுதான் கேக். நாற்பது விநாடியில் பாட்டு முடிந்தது, ஐந்து நிமிஷத்தில் கேசரி முடிந்தது.

பார்க் வாசல் பக்கத்தில் இரண்டு பெரிய டைனோசர் பொம்மைகள் நிற்கின்றன. 70 அடியில் ஒரு பிராண்டோசாரஸ், 45 அடியில் ஒரு டி-ரெக்ஸ். 1964, 65-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் சின்கிளேர் எண்ணெய் கம்பெனி வைத்திருந்தவை. கண்காட்சி முடிந்து பல வருஷம் கழித்து இங்கே வந்து சேர்ந்தன. போட்டோ எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம்.

மெயின் இடத்தில் சொன்னபடியே காபி நிறத் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. சின்னவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. அடுத்தது பால்ரூம் என்ற இடம். எல்லாத் திசையிலும் தடங்கள் குறுக்கும் மறுக்குமாக, டான்ஸ் ஆடியது போலக் கிடப்பதால் அந்தப் பேர். அங்கே போகக் கொஞ்சம் நடக்க வேண்டும். பிள்ளைகள் நாலும்... இல்லை, மூன்றும்தான், ஆனால் சத்தம் நாலு பேருக்குக் கேட்டது... முன்னால் ஓடிவிட்டன. அம்மா என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். இருவரும் என்னவோ பேசிக்கொண்டே வந்தார்கள். நான் காது கொடுக்கவில்லை.

"அம்மா!" என்று கத்தல் கேட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர், அதுவும் தெளிந்த தண்ணீர். அடியில் வெளுத்த பாறை. அதில் மூன்று விரல், நீளமான குதிகால். ஒன்றல்ல, ஒன்றன் பின் ஒன்றாக. எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து விளக்குமாறு கொண்டு வந்து வண்டலைத் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட சொல்லியிருந்தா நானும் எடுத்துட்டு வந்திருப்பேனே" என்றார்.

இந்த மூன்று விரல் தடங்கள் அக்ரோகாந்தோசாரஸ் போன்ற ஊன் தின்னி வகை விட்டுப்போனவை. ஒரு அடியிலிருந்து இரண்டு அடி வரை நீளம். இன்னொரு வகைத் தடம் யானைக்கால் போல வட்டமாக, குழந்தையைக் குளிப்பாட்டும் டப் அளவுக்கு இருக்கும். அது கழுத்து நீண்ட சாரோபாட். வயசு சுமார் 11 கோடியே 30 லட்சம் வருஷம். அன்றைக்கு இந்த இடம் ஒரு கடலோரம். சுண்ணாம்பு கலந்த சேற்றில் நடந்துபோன கால்தடம் இறுகி, மேலே மண் மூடி, பாறையாகிவிட்டது. 1908-இல் பலக்ஸியில் பெரிய வெள்ளம் வந்து மேலே இருந்த படிவுகளை அடித்துக்கொண்டு போனது. அடுத்த வருஷம் உள்ளூர்ப் பையன் ஒருவன் மூன்று விரல் தடங்களைப் பார்த்தான்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் நடந்தது. 1930-களில் அமெரிக்கா முழுக்க வேலை இல்லாத காலம். கிளென் ரோஸ் குடும்பங்கள் சில, ஆற்றிலிருந்து தடங்களை வெட்டி எடுத்து விற்றுப் பிழைத்தன. நல்ல தடங்கள் தீர்ந்து, கேட்பார் மட்டும் குறையாதபோது, சிலர் தாங்களே உளியால் செதுக்கிவிட்டார்கள். ராட்சச மனிதனின் காலடி என்றுகூட ஒன்றைச் செய்து விற்றார்கள். அப்படிச் செதுக்கிய கல் ஒன்றை 1938-இல் ரோலண்ட் டி. பேர்ட் என்பவர் நியூமெக்சிகோவில் ஒரு கடையில் பார்த்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடி அலைந்தவர் அவர். போலி என்று தெரிந்தும், இது எந்த ஊர்க் கல் என்று விசாரித்துக்கொண்டு இந்த ஆற்றுக்கு வந்தார். வந்த இடத்தில் சாரோபாட் தடங்களை அடையாளம் கண்டார். 1940-இல் அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்த திட்டத்தின் ஆட்களை வைத்து ஒரு பெரிய தடவரிசையைப் பெயர்த்து எடுத்தார். அதில் ஒரு பகுதி இன்றும் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியூஜெர்சியில் இருப்பவர்கள் டெக்சாஸ் வர வேண்டாம், டிரெயின் ஏறினால் போதும். இன்னொரு பகுதி ஆஸ்டினுக்குப் போனது.

இதை நான் பெரியவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னவன் ஒரு தடத்துக்குள் காலை வைத்துவிட்டான். தண்ணீருக்குள் அவன் பாதம் நடு விரல் இடத்திலேயே அடங்கிவிட்டது. அடுத்த தடத்துக்குத் தாண்டினான். எட்டவில்லை, குதித்தான். பிறகு திரும்பி, "ஆச்சி, கிருஷ்ணர் பாதம் மாதிரி போகுது பாரு" என்றான். கிருஷ்ண ஜெயந்திக்கு அம்மா வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை அரிசி மாவில் பாதம் போடுவார், ஒரு பாதம் இந்தப் பக்கம், ஒரு பாதம் அந்தப் பக்கம். பத்து மைல் தள்ளிப் போய் யோசித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. அம்மா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். "விழுந்துருவீங்க அத்தை" என்றார் கணவர். "நீங்க பிடிச்சுக்கங்க மாப்பிள்ளை" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

அவர்கள் இருவரும் நடந்து வரும்போது என்ன பேசினார்கள் என்பது அன்று இரவுதான் தெரிந்தது. 1986-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்து ஹூஸ்டனே ஆடிப்போன கதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போயிற்று என்பது எனக்குத் தெரியும். ஏழு மாசம் சும்மா இருந்தார் என்பது தெரியாது. எனக்கு அப்போது நாலு வயசு. என் பிறந்தநாளுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனோமாம். பெட்ரோல் போட நாலு டாலர். "அந்த வருஷம் நாங்க யாரையும் கூப்பிடலை மாப்பிள்ளை. யாரும் ஏன்னு கேக்கவும் இல்லை. மறு வருஷம் அதே ஆளுகதான் வந்தாங்க" என்று சொன்னாராம். அந்தக் கடற்கரைப் போட்டோ எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. நான் அதை ஒரு பிக்னிக் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மிச்சப் பொழுதை அவசரமாகச் சொல்லிவிடலாம். ப்ளூ ஹோல் என்ற ஆழமான இடத்தில் குளியல். லைஃப்கார்டு கிடையாது, நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் கொண்டு போங்கள். மத்தியானம் மீன் பிடித்தோம், ஒன்றும் மாட்டவில்லை. டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. பல பார்க்குகளில் தூண்டிலையும் இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள். கிளென் ரோஸில் காட்டு மிருகங்களைக் காரில் இருந்தே பார்க்கிற ஃபாசில் ரிம் என்ற இடம் உண்டு. நன்றாக இருக்கும் என்கிறார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்பதால் எங்கள் 300-க்குள் அடங்கவில்லை. பிள்ளைகள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

கணக்கு கேட்பீர்கள், அதனால் எழுதுகிறேன். நுழைவுக் கட்டணம் மூன்று பெரியவர்களுக்கு இரண்டு நாளும் சேர்த்து 40. கேம்ப் சைட் 50. மளிகை 70. பெட்ரோல் 35. டோல் 12. ஏர் மெத்தை 38. பரிசாக ஒரு டைனோசர் புத்தகம் 20. மொத்தம் 265 டாலர். நண்பர் குடும்பம் தங்கள் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு கூலர் நிறையச் சாப்பாடும் கொண்டு வந்தது. ரிட்டர்ன் கிஃப்ட்டாக அந்தப் பையனுக்கு ஆச்சி ஒரு பாட்டில் இட்லிப்பொடி கொடுத்து அனுப்பினார். அது கணக்கில் வராது.

வேறு ஊர்க்காரர்களுக்கும் வழி இருக்கிறது. நியூஜெர்சியில் ஹேடன்ஃபீல்ட் என்ற ஊரில்தான் 1858-இல் ஹாட்ரோசாரஸ் எலும்புக்கூடு கிடைத்தது. அமெரிக்க டைனோசர் ஆராய்ச்சியில் பெரிய திருப்பம் அது. ஊர் நடுவில் அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது, பார்க்கக் காசில்லை. கடற்கரை வேண்டுமென்றால், பீச் பேட்ஜ் கேட்கும் நியூஜெர்சிக் கரையில் வைல்ட்வுட்டும் அட்லாண்டிக் சிட்டியும் இலவசம். பே ஏரியாவில் பாயின்ட் ரேயஸ் கடற்கரைக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. பிள்ளை நாலாம் வகுப்பில் இருந்தால் எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் பாஸை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை காரோடு நேஷனல் பார்க் நுழைவு இலவசம். சான் ஹோசேயிலிருந்து பின்னக்கிள்ஸ் பக்கம்தான். குகை உண்டு, கேம்ப்கிரவுண்டில் நீச்சல் குளம்கூட உண்டு. எங்கள் பெரியவளும் நாலாம் வகுப்புதான், ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நேஷனல் பார்க் இல்லை. பிக் பெண்டுக்கு ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

அவளுக்கு மார்ச்சில் பத்து வயசு. தம்பி ட்ரிப் முடிந்து கார் வீட்டு டிரைவ்வேயில் நிற்பதற்குள் தன் ஆர்டரைக் கொடுத்துவிட்டாள்: எஞ்சாண்டட் ராக், உச்சிக்கு ஏறணும். அங்கே கேம்ப் சைட்டுக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வேண்டும், மினிவேன் அறை நடக்காது. பக்கத்தில் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் கேபின் இருக்கிறது. தங்குவதற்கு ஐந்து மாசம் முன்னாலேயே புக்கிங் திறந்துவிடும், மார்ச் என்றால் ஸ்பிரிங் பிரேக் கூட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை இரவு டென்ட்டைக் காயப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் பிறந்தநாள் வாரத்தில் வெள்ளி, சனி இரண்டும் போய்விட்டன. ஞாயிறு ஓர் இரவு காலியாக இருந்தது. திங்கட்கிழமை ஸ்கூல் விடுமுறையா என்று காலண்டரில் பார்த்தேன். விடுமுறைதான். பதிவு பண்ணிவிட்டேன்.